ஜெயித்த ஆட்டத்தைத் தோற்காமல் முடிப்பது எப்படி

கால்பந்தில் ஐந்து கோல் முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடத்தில் எவ்வளவு சொதப்பினாலும் அந்த ஐந்து கோல் எங்கேயும் போகாது. செஸ்ஸில் அப்படிச் சேர்த்து வைக்கிற கணக்கே கிடையாது. நாற்பது மூவ் பார்த்துப் பார்த்து ஆடி, ஒரு யானை அதிகமாக வைத்துக்கொண்டு, ராஜாவையும் பத்திரமாக மூலையில் உட்காரவைத்துவிட்டு, நாற்பத்தோராவது மூவில் ஒரே ஒரு கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் போச்சு, எல்லாமே போச்சு. கொடூரமான ஏற்பாடுதான். ஆனால் இந்த ஆட்டத்தின் மேல் ஆட்கள் இப்படிப் பைத்தியமாகக் கிடப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். பகடை இல்லை, மறைத்து வைத்த சீட்டு இல்லை, எல்லாக் காயும் இரண்டு பேர் கண் முன்னாலும் இருக்கிறது, இருந்தும் செக்மேட் ஆகும்வரை எதுவும் முடிவாவதில்லை.

ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க மூவ்கள், சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முன்னிலைக்கு வந்த பிறகு எப்படி ஆடுவது, முக்கியமாக மனசை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்பவர்கள் குறைவு. அதை மட்டும் இங்கே பார்ப்போம்.

சும்மா தொடக்கநிலை ஆட்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2006 நவம்பரில், ஜெர்மனியின் பான் நகரத்தில், அப்போதைய உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினியோடு ஆடினார். இரண்டாவது ஆட்டம். கிராம்னிக்குக் கறுப்புக் காய், ஆட்டம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. 34-வது மூவில் ராணியை நிதானமாக இ3 கட்டத்துக்கு (நெடுக்கு வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை பெயர்) நகர்த்தி ராணி மாற்றத்துக்கு, அதாவது ஆளுக்கொரு ராணியை வெட்டிக்கொள்ள, அழைத்தார். கணினி தன் ராணியை எச்7-இல் வைத்தது. செக்மேட். ஒரே மூவ் மேட், உலக சாம்பியனுக்கு! அந்த ராணிக்குப் பின்பலமாக நின்றது எஃப்8 கட்டத்தில் இருந்த வெள்ளைக் குதிரை.

இது எப்படி நடக்கும் என்றால், நல்ல ஆட்டக்காரர்கள் பலகையைக் காய் காயாகப் பார்ப்பதில்லை, கொத்துக் கொத்தாகப் பார்க்கிறார்கள். 1973-இல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்தால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திருப்பி அடுக்கிவிடுவார், புதிதாக ஆடுபவர் சில காய்களோடு நின்றுவிடுவார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்து வைத்துக் காட்டினால் மாஸ்டரின் அந்த மிடுக்கு பெரும்பாலும் காணாமல் போய்விடும். அதாவது பழகிய உருவங்கள்தான் அவருடைய பலம். எஃப்8-இல் குதிரை நின்று எச்7-ஐக் காக்கிற மேட் அடிக்கடி வருகிற உருவம் இல்லை. ஆகவே அங்கே அபாய மணி அடிக்கவில்லை. நமக்கோ பழகிய உருவங்களே கொஞ்சம்தான், அதனால் மணி அடிக்கும் என்று நம்பி உட்காரவே கூடாது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

மனசு எங்கே தளர்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று இடம். ஒரு காயை வெட்டி லாபம் பார்த்த அடுத்த நொடி. ராணிகள் இரண்டும் மாறி வெளியே போன உடனே, அப்பாடா என்று மூச்சு விடும்போது. அப்புறம், நீண்ட நேரம் கணக்குப் போட்டு வைத்த வரிசை நினைத்தபடியே முடிந்தபோது. இந்த மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் கணக்கு முடிந்த இடத்தில் ஆட்டம் முடிவதில்லை, ஆனால் மூளை கடையைச் சாத்திவிடும். இந்த மூன்று சமயத்திலும் அடுத்த மூவுக்கு முன்னால் கையைக் காயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, இந்தப் பலகையை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறோம் என்பது போல ஒரு தரம் மூலைக்கு மூலை பாருங்கள். நீங்கள் ஆட நினைக்கும் மூவை மனசுக்குள் ஆடிவிட்டு, எதிராளியின் நாற்காலிக்குப் போய் உட்காருங்கள். அவருக்கு என்னென்ன செக் இருக்கிறது, என்னென்ன வெட்டு இருக்கிறது, என்ன மிரட்டல் இருக்கிறது? இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் செக்குக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. அசட்டுத்தனமாகத் தோன்றுகிற செக்கையும் விடாதீர்கள். ராணியை வெறுமனே தூக்கிக் கொடுக்கிற செக்கைத்தான் எல்லோரும் பார்க்காமல் விடுகிறார்கள்.

கேட்க எளிது, பத்து மூவ் தொடர்ந்து செய்து பாருங்கள், அப்போது தெரியும். நம் திட்டம் நமக்கு அவ்வளவு பிடித்துப் போயிருக்கும். 2008-இல் பிலாலிச், மெக்லியோட், கோபே மூவரும் செய்த ஒரு ஆய்வு இதற்கு அழகான சான்று. ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிலை கொடுத்தார்கள். அதில் எல்லோருக்கும் தெரிந்த, ராஜாவைச் சொந்தக் காய்களே மூச்சுமுட்ட அடைத்து நிற்கக் குதிரை மேட் செய்கிற வரிசை ஒன்று இருந்தது, ஐந்து மூவ். அவ்வளவாகப் பழக்கமில்லாத மூன்று மூவ் மேட்டும் இருந்தது. பலருக்கு அந்த ஐந்து மூவ் வழி உடனே கண்ணில் பட்டது. இதைவிடச் சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள், பொய்யும் சொல்லவில்லை. ஆனால் கண் அசைவைப் பதிவு செய்த கருவி வேறு கதை சொன்னது. அவர்கள் பார்வை திரும்பத் திரும்ப முதல் வழிக்குரிய கட்டங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. தேடுகிறோம் என்ற எண்ணம் இருக்கும், தேடல் இருக்காது. அதனால்தான் நாற்காலி மாறிப் பார்க்கச் சொல்கிறேன். இன்னும் கவனமாகப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் பார்வை மாறாது, கேள்வியை மாற்றினால் மாறும்.

காய்களை மாற்றுவது, சிப்பாய்களை மாற்றாமல் இருப்பது

முன்னிலையில் இருந்தால் காய்களை மாற்றிக்கொள், சிப்பாய்களை மாற்றாதே என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள். காய் என்று இங்கே சொல்வது சிப்பாய் தவிர மற்றவற்றை. ஏன் என்று பாதிப் பேர் சொல்வதில்லை. பலகையில் காய்கள் குறையக் குறைய, உங்களிடம் கூடுதலாக இருக்கும் அந்த ஒரு காயைத் தடுக்க எதிராளியிடம் ஆள் இருக்காது, இது ஒரு பக்கம். மறுபக்கம், தனி பிஷப்போ (மந்திரி) தனிக் குதிரையோ ராஜாவோடு சேர்ந்தாலும் மேட் செய்யவே முடியாது. யானை ஒரு பக்கமும் பிஷப் ஒரு பக்கமும், சிப்பாயே இல்லை என்றால் பொதுவாக டிராதான். ஒரு காய் லாபத்தைக் கடைசியில் வெற்றியாக மாற்றுவது எதிர்க் கோடிக்குப் போய் ராணியாகப் போகிற சிப்பாய்தான். அதனால்தான் தோற்கும் பக்கத்து ஆள் கிடைத்த சிப்பாயையெல்லாம் மாற்றப் பார்ப்பார், நீங்கள் மாட்டேன் என்று நகர வேண்டும்.

விதிவிலக்குகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த விதியே ஆளைக் கவிழ்த்துவிடும். ஒரு பிஷப் ஒரே நிறக் கட்டங்களில்தான் ஓடும். இருவரிடமும் வேறு வேறு நிறக் கட்டத்து பிஷப் மட்டும் மிஞ்சினால் ஒரு சிப்பாய், சில சமயம் இரண்டு சிப்பாய் அதிகம் இருந்தும் டிரா ஆகும். ஓரத்துச் சிப்பாயும் தப்பான நிற பிஷப்பும் மிஞ்சினாலும் அப்படித்தான். வெள்ளைக்கு எச் வரிசைச் சிப்பாய், வெள்ளைக் கட்டத்து பிஷப் என்று வையுங்கள். ராணியாக வேண்டிய எச்8 கறுப்புக் கட்டம். கறுப்பு ராஜா அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் அவரைக் கிளப்ப வழியே இல்லை.

எல்லாவற்றையும் மாற்றி வெறும் ராஜாவும் சிப்பாயுமாக இறங்குவது எல்லாவற்றையும் விடத் தீர்மானமான முடிவு. அதற்கப்புறம் திருத்த இடமில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம் இதைத்தான் காட்டியது. கறுப்பில் ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனால் நிலை டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-வது மூவில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானை மாற்றத்துக்கு அழைத்தார். காய் குறைந்தால் நிம்மதி என்று களைத்த மனசு கணக்குப் போட்டிருக்கும். ஆனால் அவருடைய பிஷப் ஏ8 மூலையில் மாட்டியிருந்தது. யானைகள் போனதும் குகேஷ் பிஷப்பை டி5-இல் வைத்து அதையும் மாற்றவைத்தார், மிஞ்சிய சிப்பாய் முடிவாட்டம் கறுப்புக்கு வெற்றி. அந்த ஒரு மூவோடு 18 வயதில் உலக சாம்பியன். மாற்றத்துக்கு முன்னால் விரல் விட்டு எண்ணுங்கள், கடைசிச் சிப்பாய் எந்த மூவில் ராணியாகும், எதிராளி ராஜா எந்த மூவில் அங்கே வந்து சேரும் என்று. உணர்ச்சியை வைத்து இங்கே முடிவெடுக்கவே கூடாது.

எதிராளியின் உயிருள்ள காயைத் தேடுங்கள்

தோற்கும் நிலையில் இருப்பவரிடமும் பெரும்பாலும் ஏதோ ஒரு காய் துடிப்பாக இருக்கும். ஒரு குதிரை உங்கள் ராஜா பக்கம் வந்து நிற்கும், அல்லது ராணி ஒரு நீண்ட மூலைவிட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். மிச்சம் எல்லாம் செத்துக் கிடந்தாலும் அந்த ஒன்றுதான் உங்கள் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கப் போவது. ஆகவே இன்னொரு சிப்பாயைத் தின்னப் போகாமல் முதலில் அதைக் கவனியுங்கள். மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் லாபத்தில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாவது அதை ஒழியுங்கள்.

இந்தத் திருப்பிக் கொடுத்தல்தான் மனசுக்கு வராது. ஒரு யானை அதிகமாக இருக்கிறீர்கள். எதிராளியின் ராணியும் குதிரையும் உங்கள் ராஜாவைச் சுற்றி மோப்பம் பிடிக்கின்றன. உங்கள் யானையைக் கொடுத்து அந்தக் குதிரையை வெட்டினால் மிரட்டல் மொத்தமும் அடங்கும், அப்போதும் ஒரு குதிரை அளவு லாபம் மிச்சம், அதுவே ஜெயிக்கத் தாராளமாகப் போதும். இருந்தும் ஐந்து புள்ளிக் காயைக் கொடுத்து மூன்று புள்ளிக் காயை வாங்குவதா என்று கை தயங்கும். கையில் வந்ததை இழப்பது, அதே அளவு கிடைப்பதைவிட அதிகமாக உறைக்கிறது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதியது பணத்தைப் பற்றி. பலகைக்கும் அது அப்படியே பொருந்தும் என்பது என் கணிப்பு. ஒரு வழி சொல்கிறேன்: ஆட்டம் இந்த நிமிடத்தில் ஆரம்பிக்கிறது, முன்னால் நடந்தது எதுவும் தெரியாது, யானையைக் கொடுத்துக் குதிரையை வாங்கிய பின்பு வரும் நிலை வேண்டுமா, இப்போதிருக்கும் நிலை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சட்டென்று வந்துவிடும்.

அவசரமும் எரிச்சலும்

முன்னிலையில் இருப்பவருக்கு இருக்கும் ஒரே ஆசை, சீக்கிரம் முடிய வேண்டும். எதிராளி இன்னும் தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் பண்ணவில்லையே என்று உள்ளே ஒரு எரிச்சல் ஏறும். மரியாதை தெரியாத ஆள் என்று கூடத் தோன்றும். விதிப்படி மேட் ஆகும்வரை ஆட அவருக்கு முழு உரிமை உண்டு, அதுவும் நீங்கள் இப்படி எரிச்சல்படுபவர் என்று தெரிந்தால் ஆடாமல் விட அவர் என்ன முட்டாளா?

கடிகாரத்தில் வரும் தொல்லை இதன் தம்பி. அவருக்கு நேரம் குறைவு, உங்களிடம் பத்து நிமிடம் இருக்கிறது. படபடவென்று அவர் ஆட, நீங்களும் அதே வேகத்தில் பதில் ஆடுவீர்கள், அவருக்கு யோசிக்க நேரம் தரக் கூடாதாம்! நடப்பது என்ன என்றால், நேரம் இல்லாத ஆளும் நேரம் இருக்கிற ஆளும் ஒரே தரத்தில் ஆடுகிறீர்கள். உங்கள் பத்து நிமிடத்தை நீங்களே குப்பையில் போட்டுவிட்டீர்கள். மூவுக்கு 30 விநாடி கூடுதலாகக் கிடைக்கிற ஆட்டமாக இருந்தால் அவர் நேரம் தீர்ந்து தோற்கப்போவதும் இல்லை.

இன்னொன்று, எதிராளி பெரிய ஆள் என்றால் வரும் நடுக்கம். ஆட்டக்காரர்களின் பலத்தைப் புள்ளியில் அளக்கும் எலோ கணக்குப்படி 400 புள்ளி குறைந்தவருக்கு நூறு ஆட்டத்தில் ஒன்பது புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) அளவுக்குத்தான் எதிர்பார்ப்பு. அது ஆட்டம் தொடங்கும் முன்னால் இருக்கிற கணிப்பு. ஒரு பிஷப் அதிகமாக இருக்கிற நிலையில் பயந்துபோய் டிரா கேட்பவர்கள் அந்தப் பழைய கணிப்போடுதான் ஆடுகிறார்கள், எதிரில் உள்ள பலகையோடு ஆடவில்லை. பெரிய ஆள் பிளண்டர், அதாவது பெரிய தப்பு, பண்ணமாட்டார் என்ற நம்பிக்கையும் இதே ரகம். 2014-இல் சோச்சி நகரில் கார்ல்சனுக்கும் ஆனந்துக்கும் உலகப் போட்டி, ஆறாவது ஆட்டம், அதுவரை இருவரும் சமநிலை. கார்ல்சன் 26-வது மூவில் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார், படுமோசமான தப்பு. குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆனந்த் பக்கம் ஆட்டம் சாய்ந்திருக்கும். மூவை ஆடிய உடனே கார்ல்சனுக்குத் தன் தப்பு தெரிந்துவிட்டது, முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். ஆனந்தோ அதிக நேரம் எடுக்காமல் ஏ வரிசைச் சிப்பாயைத் தள்ளினார். ஆடி முடித்த பிறகுதான் அவருக்கும் தெரிந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றார், கடைசியில் போட்டியிலும். பரிசை எதிர்பார்க்காதபோது அதை எடுக்கத் தோன்றுவதில்லை என்ற பொருளில்தான் பிறகு அவரே பேசினார். எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும், அவருடைய ஒவ்வொரு மூவையும் ஒரு முன்பின் தெரியாத ஆள் ஆடியதாக நினைத்துச் சோதியுங்கள்.

கடைசி வாசல்: ஸ்டேல்மேட்

எதிராளியிடம் ராஜா மட்டும், உங்களிடம் ராணியும் ராஜாவும். இங்கே டிரா பண்ணுபவர்கள் ஏராளம். மூலையில் எச்8-இல் ராஜா நிற்கிறது. உங்கள் ராணி ஜி6-க்கோ எஃப்7-க்கோ வந்தால் ஜி8, ஜி7, எச்7 மூன்றும் அடைபட்டு, செக்கும் இல்லாமல், ஆட மூவும் இல்லாமல் போகும். இதுதான் ஸ்டேல்மேட், டிரா. கவனித்துப் பார்த்தால் ஜி6, எஃப்7 இரண்டுமே அந்த மூலையிலிருந்து குதிரை பாயும் தூரம். மூலையில் தனி ராஜா நின்றால், குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியை நிறுத்தாதே. இது ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தாலே பல ஆட்டம் பிழைக்கும். அப்புறம், எதிராளிக்கு நகரக்கூடிய ஒரு சிப்பாய் இருந்து, அதனால் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்றால் ஆசைப்பட்டு அதை வெட்டாதீர்கள், அது நகர முடிகிறவரை ஸ்டேல்மேட் வராது. மூன்று ராணி எடுத்து வேடிக்கை காட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு ராணியை வைத்துச் சரியாக ஆடினால் அதிகபட்சம் பத்து மூவில் மேட், ஒரு யானையை வைத்தே பதினாறில் மேட்.

தோற்கும் பக்கத்தில் நீங்கள் இருந்தால் இதே பட்டியலைத் தலைகீழாகப் பிடியுங்கள். சிப்பாய்களை மாற்றுங்கள், காய்களை வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ராணியை. ஒவ்வொரு மூவிலும் அவருக்கு இரண்டு மூன்று நல்ல வழிகள் இருக்கிற மாதிரி நிலையை வையுங்கள், ஏனென்றால் ஒரே வழி இருந்தால் அவர் யோசிக்காமலே சரியாக ஆடிவிடுவார், தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால்தான் குழம்புவார். கண்டுபிடித்தால் உங்களையே கவிழ்க்கிற மலிவான பொறி வேண்டாம். அவர் கண்டுபிடித்தாலும் நிலைமை இன்னும் மோசமாகாத தொந்தரவு எது என்று பாருங்கள். உண்மையில் எனக்கு ஜெயிக்கும் பக்கத்தைவிட இந்தப் பக்கம் ஆடத்தான் பிடிக்கும். இழக்க ஒன்றும் இல்லாத ஆளின் தெளிவு அலாதியானது.

லாபம் கை நழுவி ஆட்டம் சமமாகிவிட்டது என்று வையுங்கள். இங்கேதான் இரண்டாவது விபத்து நடக்கும். மனசு பழைய கணக்கிலேயே நிற்கும், ஜெயிக்க வேண்டிய ஆட்டம் இது என்று சொல்லிக்கொண்டே இருக்கும், சமநிலையை ஏற்காமல் இல்லாத வெற்றியைத் தேடிப் போய் முழுசாகத் தோற்கும். நேரம் இருந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து உட்காரும்போது இருக்கும் நிலைதான் ஆட்டம். இணையத்தில் ஆடினால் இப்படிக் கோட்டைவிட்ட ஆட்டத்துக்குப் பிறகு உடனே அடுத்த ஆட்டத்தைத் தட்டாதீர்கள். பழிவாங்க ஆடுகிற ஆட்டத்தில் எதிரில் இருப்பது வேறு ஆள்.

இதற்கெல்லாம் பயிற்சி உண்டா என்றால், உண்டு. உங்கள் பழைய ஆட்டங்களில் நல்ல முன்னிலை இருந்தும் முடிக்க முடியாமல் போன நிலைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்த நிலையிலிருந்து இன்ஜினோடு, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலோடு, ஆடி ஜெயித்துக் காட்டுங்கள். முதலில் பல தடவை முடியாது, இன்ஜின் விடாது, எதிர்ப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று அப்போதுதான் புரியும். பிறகு பலகையைத் திருப்பி, தோற்கும் பக்கத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு நண்பர் ஒருவரை ஜெயிக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை அலசும்போது இன்ஜினைத் திறக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள்: எந்த மூவில் நிம்மதி வந்தது, எந்த மூவில் எரிச்சல் வந்தது, எங்கே அவசரப்பட்டீர்கள் என்று பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வையுங்கள். அதற்கப்புறம் இன்ஜின் தப்பு என்று சிவப்பு காட்டுகிற இடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிம்மதி என்று குறித்த இடத்திலிருந்து சிவப்பு அதிக தூரத்தில் இருக்காது. அடுத்த ஆட்டத்தில் அந்த நிம்மதி வரும்போது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அவருடைய செக்குகளை எண்ண ஆரம்பியுங்கள்.